வெள்ளைக்காரர் ஊரிலும் லயங்கள்

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். வெள்ளைக்காரர் என்றால் அவருக்குக் குன்றின் மேல் பங்களாவும் துரையும்தான். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பர்மிங்காம் நகரின் கதையைப் படித்தபோது அந்த எண்ணம் உடைந்தது.

பர்மிங்காம் இங்கிலாந்தின் பெரிய தொழில் நகரம். பொத்தான், பூட்டு, பேனா முள் தொடங்கி கார் வரை அங்கே செய்தார்கள். நம் ரப்பருக்கும் அந்நகருக்கும் உறவு உண்டு. மலாயாவில் தோட்டங்கள் வைத்திருந்த டன்லப் நிறுவனத்தின் மாபெரும் டயர் ஆலை அங்கேதான் இருந்தது.

1950-களிலும் அந்நகரத் தொழிலாளர் பலர் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளில்தான் வாழ்ந்தார்கள். ஒரு வீட்டின் பின்சுவரே அடுத்த வீட்டுக்கும் பின்சுவர். பின்வாசல் இல்லை, பின்பக்கச் சன்னலும் இல்லை. கீழே கரியடுப்பு எரியும் ஒரே அறையில் சமையல், சாப்பாடு, தகரத் தொட்டியில் குளியல். கழிவறையும் துணி வெளுக்கும் கொட்டகையும் முற்றத்தில்; பல குடும்பங்களுக்குப் பொது. வெளுக்க முறை வைத்துக்கொண்டார்கள். காயப்போட்ட வெள்ளைத் துணியில் புகைக்கரி படியும். போரில் வென்ற நாடுதான். ஆனால் 1954 வரை இறைச்சிக்குப் பங்கீடு.

இரு தரப்பாரின் துன்பமும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு வாக்குரிமை இருந்தது. 1948 முதல் இலவச மருத்துவம் இருந்தது. தோட்டத்து இலாபம் எந்தத் திசையில் போனது என்பதும் நாம் அறிந்ததே. ஆயினும் துரையின் நாட்டிலும் பொதுக் கழிவறைக்கு வரிசையில் நின்ற ஏழைகள் இருந்தார்கள் என்பதை அறிவது நல்லது.

போருக்குப் பின் நகராட்சி அவ்வீடுகளை இடித்து, மக்களை அடுக்குமாடிகளுக்கும் புறநகர்களுக்கும் அனுப்பியது. குளியலறை கிடைத்தது, முற்றத்து உறவு போயிற்று. தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்த நம் குடும்பங்களுக்கு இது புதுக்கதையா என்ன?

ஆனால் அவர்கள் ஒன்று செய்தார்கள். ஹர்ஸ்ட் தெரு மூலையில் இடிபடாமல் தப்பிய கடைசி முற்றத்தைச் செப்பனிட்டு, 2004-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அதைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட், பிரபுக்களின் மாளிகைகளையும் காக்கும் அமைப்பு. ஏழையின் கழிவறையும் வரலாறுதான் என்று அது ஒப்புக்கொண்டிருக்கிறது.

நம் லயங்கள்? செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம்விட்டுப் பல மறைந்துவிட்டன. அருங்காட்சியகம் கட்ட நம்மிடம் பணம் இல்லாமல் இருக்கலாம், பேனா இருக்கிறது. நண்பர்களே, இந்த விடுமுறையில் உங்கள் பாட்டியின் அருகில் உட்காருங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், தண்ணீர் எங்கே பிடித்தார், பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனார் என்று கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள். பட்டம் பெறும் நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?

என் பாட்டியிடம் இவற்றைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவர் இல்லை.