சும்மா கிடக்கும் சர்வர்கள்

ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் ஆலையில் ரெனோ டஸ்டரும் நிசான் டெரானோவும் பக்கத்தில் பக்கத்தில் தயாராயின. ஷோரூமுக்குப் போனால் இரண்டும் போட்டி வண்டிகள். 2010-இல் திறக்கப்பட்ட அந்த ஆலை ஆண்டுக்கு 4 லட்சம் கார்களுக்கு மேல் செய்யக்கூடியது. ஒரு கம்பெனியின் விற்பனையை மட்டும் நம்பினால் இயந்திரங்கள் சும்மா கிடக்கும். 2025-இல் ஆலையில் நிசானுக்கு இருந்த பங்குகளை ரெனோ வாங்கிக்கொண்ட பிறகும் நிசான் கார்கள் அங்கேதான் தயாராகின்றன.

அதே வட்டாரத்தில் மணிமங்கலம் பக்கம் உதிரிபாகம் செய்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. லோடு அதிகமானால் அடுத்த பட்டறைக்கு ஜாப் ஒர்க் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் அவர்களுடைய ஸ்டாக் கணக்கையும் ஜிஎஸ்டி பில்லையும் வாடகை சர்வரில் வைத்திருக்கும் கிளவுட் நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்வதில்லை?

இரண்டு நிறுவனங்களை வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் இருவருக்கும் ஆளுக்கு 60 சர்வர் போதும். நெரிசல் நாளில் 100 தேவை. தனித்தனியே வாங்கினால் மொத்தம் 200. ஒருவருக்கு நெரிசல் வரும் நாளில் மற்றவருக்கு இல்லையென்றால் 160-லேயே இருவரும் சமாளிக்கலாம். 40 சர்வரின் விலையும், அவற்றைக் குளிரவைக்கும் கரண்ட் பில்லும் மிச்சம். ஆனால் தீபாவளி விற்பனை இருவருடைய வாடிக்கையாளர்களுக்கும் ஒரே வாரத்தில்தான் வரும். அன்றைக்கு இரவல் கேட்டால் கிடைக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. இரவல் வாடகை மலிவு என்றால் 'அவன் வாங்கட்டும்' என்று இருவரும் காத்திருப்பார்கள். அதிகம் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள்.

பெரிய நிறுவனங்களுக்கு இந்த ஏற்பாடே தேவையில்லை. லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருந்தால் ஒருவரின் ஏற்றம் இன்னொருவரின் இறக்கத்தில் கரைந்துவிடும். சும்மா கிடக்கும் மிச்ச சர்வர்களை அமேசான் 2009-இலிருந்தே 'ஸ்பாட்' என்ற பெயரில், தேவைப்பட்டால் உடனே திரும்ப எடுத்துக்கொள்வோம் என்ற நிபந்தனையோடு, மலிவாக விற்கிறது. பகிர்வால் லாபம் பார்க்கக்கூடியவர்கள் சிறிய நிறுவனத்தார்தான். அவர்களைச் சேர்த்துவைக்க நடுவில் ஒருவர் வேண்டும்.

இந்தியாவில் அந்த இடத்தில் அரசு வந்து நிற்கிறது. 2024 மார்ச்சில் 10,372 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற இந்தியா ஏஐ மிஷன், யோட்டா, ஜியோ, டாடா கம்யூனிகேஷன்ஸ் போன்ற போட்டியாளர்களின் ஜிபியுக்களை ஒரே போர்ட்டலில், மானிய விலையில் கிடைக்கச் செய்தது. டெண்டரில் வந்த குறைந்த விலைக்கு மற்றவர்களும் இறங்கி வரவேண்டியிருந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இது பொதுச்சந்தை; கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சரக்கு மாற்றிக்கொள்ளும் பகிர்வு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பாராட்டும் தவறான இடத்தில் விழும்.

நிறுவனங்களுக்குள் பகிர்வு இல்லாதபோது, வாடிக்கையாளரே தன் வேலையை இரண்டு கிளவுடுக்குப் பிரித்துக் கொடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் அங்கே டேட்டா கட்டணம் குறுக்கே நிற்கிறது. கிளவுடுக்கு உள்ளே டேட்டா போக அநேகமாகக் காசு இல்லை, வெளியே எடுக்கத்தான் கட்டணம். 2024-இல் கூகுளும் அமேசானும் அந்தக் கட்டணத்தை விலக்கின. முழுதாகக் காலி செய்துகொண்டு போகிறவர்களுக்கு மட்டும். இரண்டு இடத்திலும் கணக்கு வைத்து, தினமும் டேட்டாவை அங்கும் இங்கும் அனுப்புகிறவருக்கு மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.