கதை கேட்டால் இங்கிலீஷ் வரும்!

"வேர் டூ யூ லிவ்?"

நேர்முகத் தேர்வில் ஒரு பையனிடம் இப்படிக் கேட்டார்கள். "நீ எங்கே குடியிருக்கிறாய்?" என்பதுதான் கேள்வி. பையனுக்கு வேர்த்தது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. பதில் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டான்.

அவன் படிக்காதவன் அல்ல. ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்தவன். பிறகு கல்லூரியிலும் படித்தவன். 'கோ' என்ற சொல்லின் இறந்த காலம் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 'வென்ட்' என்று சொல்வான். பசுவைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னால் எழுதுவான். ஆனால் சொந்த ஊரின் பெயரைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

இப்படிப்பட்ட பையன்களும் பெண்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள். கை வேலையில் கெட்டிக்காரர்கள். ஒரு கேள்வியில் வேலை போய்விடுகிறது. வீட்டில் பெற்றோர் காத்திருக்கிறார்கள். "என்ன கேட்டார்கள்?" என்று அவர்கள் கேட்டால், பிள்ளை அதையும் சொல்வதில்லை.

குறை பிள்ளையிடம் இல்லை. பள்ளியில் அவனிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் பாடப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்தவை. விடை நோட்டில் இருந்தது. அந்த விடை வாத்தியாருக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்வதற்குப் பெயர் பேச்சு அல்ல. ஒப்பித்தல்.

மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனவர்கள் ஒன்றைப் பார்த்திருப்பார்கள். பாசிமணியும் கல் சிற்பமும் விற்கிறவர்கள் வெள்ளைக்காரர்களோடு இங்கிலீஷில் பேரம் பேசுவார்கள். அவர்களில் பலர் பள்ளியில் அதிகம் படித்தவர்கள் அல்ல. இலக்கணம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் பேச்சு நிற்காது. அவர்களிடம் கேட்கப்படும் கேள்வி உண்மையான கேள்வி. பதில் சொன்னால்தான் சிற்பம் விற்கும்.

எல்லாப் பிள்ளைகளையும் கடற்கரைக்கு அனுப்ப முடியாது. ஆனால் உண்மையான கேள்விகளை வகுப்புக்குள் கொண்டு வர ஒரு வழி இருக்கிறது. அது கதை.

பாட்டி செய்த வேலை

பாட்டி கதை சொல்லும்போது பேரன் 'உம்' கொட்ட வேண்டும். 'உம்' நின்றால் கதையும் நின்றுவிடும். "தூங்கிட்டியாடா?" என்று பாட்டி கேட்பாள். "இல்லை பாட்டி, நீங்க சொல்லுங்க" என்பான் பேரன்.

கொஞ்ச நாள் போனால் பேரன் 'உம்' மட்டும் கொட்டமாட்டான். "ராஜாகிட்ட எத்தனை குதிரை இருந்தது?" என்று கேட்பான். "நீயே சொல்லு" என்பாள் பாட்டி. "நூறு!" என்பான். உடனே கதையில் நூறு குதிரை வந்துவிடும். இன்னும் கொஞ்ச நாளில் அதே கதையைத் தங்கச்சிக்கு அவனே சொல்வான்.

முதலில் 'உம்'. பிறகு ஒரு சொல். பிறகு ஒரு வாக்கியம். பிறகு முழுக் கதை. தமிழ் இப்படித்தான் வந்தது. யாரும் பிள்ளைக்கு எழுவாய், பயனிலை சொல்லிக் கொடுத்துப் பேச வைக்கவில்லை.

அமெரிக்காவில் பிளெய்ன் ரே என்று ஒரு வாத்தியார். கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்பானிஷ் மொழி கற்பித்தவர். புத்தகத்தை வைத்து நடத்திப் பார்த்தார். மாணவர்கள் பரீட்சை எழுதினார்கள், பேசவில்லை. அந்த நாட்டில் ஜேம்ஸ் ஆஷர் என்ற மனநூல் அறிஞர் 1960களில் ஒரு முறையைச் சொல்லியிருந்தார். வாத்தியார் "எழுந்திரு", "நட", "கதவைத் தொடு" என்று புது மொழியில் கட்டளை இடுவார். மாணவர்கள் பேச வேண்டாம், செய்து காட்டினால் போதும். உடம்பு செய்வதை மனம் மறப்பதில்லை என்பது அவர் கருத்து.

பிளெய்ன் ரே அதையும் செய்தார். நன்றாக இருந்தது. ஆனால் எத்தனை நாளைக்குக் கதவைத் தொடுவது? கட்டளையைத் தாண்டி அவர் கதைக்குப் போனார். கதையைச் சொல்லவில்லை. கேட்டார்! அதுதான் புதுமை. கதையில் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று மாணவர்களையே கேட்டுக் கேட்டுக் கதையை வளர்த்தார். 1990களில் இந்த முறை பல பள்ளிகளுக்குப் பரவியது. ஸ்பானிஷுக்கு வந்த முறை பிறகு மற்ற மொழிகளுக்கும் வந்தது. இங்கிலீஷுக்கும் வந்தது.

காக்கைக்கு எத்தனை வடை?

இந்த முறையில் ஒரு வகுப்பு எப்படி நடக்கும்? எல்லோருக்கும் தெரிந்த காக்கை கதையையே எடுத்துக்கொள்ளலாம்.

வாத்தியார் கரும்பலகையில் ஒரு காக்கை வரைகிறார். பக்கத்தில் 'க்ரோ' என்று எழுதுகிறார். அதன் கீழே தமிழில் 'காக்கை' என்றும் எழுதிவிடுகிறார். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. புரியாத கதையில் யாருக்கும் ருசி இருக்காது. 'வாண்ட்' என்ற சொல்லுக்குக் கீழே 'வேண்டும்' என்று எழுதுகிறார்.

"த க்ரோ வாண்ட்ஸ் எ வடை" என்கிறார். காக்கைக்கு வடை வேண்டும். பிள்ளைகளுக்குச் சிரிப்பு வருகிறது.

"டஸ் த க்ரோ வாண்ட் எ வடை?"

"எஸ்!"

"டஸ் த க்ரோ வாண்ட் எ வடை ஆர் எ பஸ்?"

"வடை!"

"டஸ் த க்ரோ வாண்ட் எ பஸ்?"

"நோ!"

"ஹூ வாண்ட்ஸ் எ வடை? த க்ரோ ஆர் சார்?"

கடைசி பெஞ்சில் ஒரு குறும்புக்காரன் "சார்!" என்று கத்துகிறான். வகுப்பு முழுவதும் சிரிக்கிறது. வாத்தியார் கோபப்படவில்லை. "எஸ், ஐ வாண்ட் எ வடை. பட் த க்ரோ வாண்ட்ஸ் த வடை!" என்கிறார்.

"வாட் டஸ் த க்ரோ வாண்ட்?"

"வடை!"

"ஹௌ மெனி?"

"டென்!" என்கிறாள் ஒரு பெண். "ஒன் தௌசண்ட்!" என்கிறான் குறும்புக்காரன். வாத்தியார் மூக்கில் விரலை வைக்கிறார். "த க்ரோ வாண்ட்ஸ் ஒன் தௌசண்ட் வடைஸ்!"

ஒரு காக்கைக்கு ஆயிரம் வடை! இப்போது கதை சூடு பிடித்துவிட்டது. வடை வாங்க காக்கை எங்கே போகிறது? மதுரைக்கா, தஞ்சாவூருக்கா? பஸ்ஸிலா, சைக்கிளிலா? கண்டக்டர் யார்? நரி! பிள்ளைகளே சொல்கிறார்கள். வாத்தியார் அதை இங்கிலீஷில் வாங்கிக்கொள்கிறார்.

இந்தச் சின்னப் பேச்சில் 'வாண்ட்' என்ற சொல் மட்டும் ஒன்பது தடவை வந்துவிட்டது. யாருக்கும் சலிப்புத் தட்டவில்லை. இதையே நோட்டில் ஒன்பது தடவை எழுதச் சொன்னால், அதற்குப் பெயர் தண்டனை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் இதுவரை முழு வாக்கியம் ஒன்றுகூடப் பேசவில்லை. "எஸ்", "நோ", "வடை", "டென்". அவ்வளவுதான். யாரும் அவர்களை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழி அறிஞர் இதை 1980களிலேயே வற்புறுத்தி எழுதினார். புரியும்படி நிறையக் கேட்க வேண்டும், பேச்சு பின்னால் தானே வரும் என்பது அவர் கொள்கை. பயம் வந்தால் காதில் விழுவதுகூட உள்ளே போகாது என்றும் அவர் சொன்னார். அவர் கொள்கையை முழுவதும் ஒப்புக்கொள்ளாத அறிஞர்களும் உண்டு. கேட்டால் மட்டும் போதாது, தட்டுத் தடுமாறியாவது பேசிப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதுவும் சரியே. ஆகவே நாலாவது நாள், கதை பிள்ளைகளுக்குத் தண்ணீர்பட்ட பாடு ஆன பிறகு, "யார் கதை சொல்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். அப்போது கைகள் உயரும். அது அவர்கள் கட்டிய கதை அல்லவா?

சிரிப்பு என்ற பூட்டு

ஒரு பிள்ளை "த க்ரோ கோ டு மதுரை" என்று சொல்கிறது. 'கோஸ்' என்று சொல்ல வேண்டும். வழக்கமான வகுப்பில் என்ன நடக்கும்? "தப்பு! உட்கார்!" என்று ஒரு குரல் வரும். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தப் பிள்ளை அன்றைக்கு மூடிய வாய், நேர்முகத் தேர்வு வரை திறக்காது.

கதை வகுப்பில் வாத்தியார் சொல்வது வேறு. "எஸ், த க்ரோ கோஸ் டு மதுரை!" திருத்தம் நடந்துவிட்டது, மானம் போகவில்லை. காக்கையைப் பார்த்துச் சிரிக்கலாம். பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. வாத்தியார் இந்த ஒரு சட்டத்தை மட்டும் கண்டிப்பாக நடத்தினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

வீட்டிலும் இதே கதைதான். பிள்ளை வாயைத் திறந்து இரண்டு சொல் பேசினால், "ஆகா, துரை வந்துட்டாரு!" என்று கேலி பேசும் மாமாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் சும்மா இருந்தாலே பேருதவி.

"கதை சொல்லிப் பொழுது போக்கவா பள்ளிக்கு அனுப்பினோம்?" என்று சில பெற்றோர் கேட்கலாம். அவர்கள் கவலை மார்க். அதில் நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு இருக்கிறது. இங்கிலீஷ் பேச்சுக்கு அப்படி ஒன்று இல்லை. எழுதினால் போதும். மார்க் இல்லாத ஒன்றுக்கு எந்தப் பள்ளி நேரம் ஒதுக்கும்? அரசுப் பள்ளிகளில் 2012-13ஆம் கல்வி ஆண்டு முதல் ஏராளமான இங்கிலீஷ் வழி வகுப்புகள் திறக்கப்பட்டன. பாடம் இங்கிலீஷுக்கு மாறியது. ஆனால் அதனால் மட்டும் பேச்சு வந்துவிடாது. மனப்பாடத்தை எந்த மொழியிலும் செய்யலாம்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. வாத்தியார்களில் பலருக்கே இங்கிலீஷில் சரளமாகப் பேச வராது. அவர்களும் அதே பள்ளியில் படித்தவர்கள்தானே? அவர்களைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை.

ஆப்பிரிக்காவில் கென்யா நாடு 1980களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டது. அங்கே ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரேடியோ மூலம் இங்கிலீஷ் நடத்தினார்கள். ரேடியோ சும்மா பேசிக்கொண்டே போகவில்லை. கேள்வி கேட்டுவிட்டு நிறுத்தியது. அந்த இடைவெளியில் பிள்ளைகள் பதில் சொன்னார்கள். பிறகு சரியான பதிலை ரேடியோ சொன்னது. பாட்டும் விளையாட்டும் உரையாடலும் கலந்து நடந்தது. வாத்தியார் பக்கத்தில் நின்று நடத்தி வைத்தார். சோதித்துப் பார்த்தபோது, கேட்டுப் புரிந்துகொள்வதிலும் படிப்பதிலும் ரேடியோ வகுப்புப் பிள்ளைகள் மற்றவர்களை முந்திவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும் கதை ஒன்றைத் தினமும் கால் மணி நேரம் அதில் போடலாம். செல்போனிலும் இப்போது பேசிப் பழக வசதிகள் வந்துவிட்டன. செல்போன் பிள்ளையைக் கேலி செய்யாது, அது நல்லது. ஆனால் ஆயிரம் வடை என்றால் மூக்கில் விரலை வைக்கவும் அதற்குத் தெரியாது. கூட்டமாக உட்கார்ந்து சிரிக்கும் சுகம் வகுப்பில்தான் கிடைக்கும்.

பெரியவர்களுக்கும் இதே வழிதான். வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்சுக்குக் காக்கை வேண்டாம். "ஒரு நோயாளி வருகிறார். எங்கே வலி? எத்தனை நாளாக?" என்று கதையைத் தொடங்கலாம். டிரைவருக்கு வழி தவறிய ஒரு பயணி போதும். பஸ் நிலையக் கடைகளில் முப்பது நாளில் இங்கிலீஷ் கற்பிக்கும் புத்தகங்கள் தொங்குகின்றன. முப்பத்தோராம் நாள் என்ன ஆயிற்று என்று அந்தப் புத்தகங்கள் சொல்வதில்லை.

இங்கிலீஷுக்கும் பத்து மார்க்கில் ஒரு வாய்மொழித் தேர்வு வைக்க வேண்டும். பிள்ளை தனக்குப் பிடித்த கதையை இரண்டு நிமிஷம் சொல்லட்டும். நடுவில் வாத்தியார் மூன்று கேள்வி கேட்கட்டும். விடை எந்த நோட்டிலும் இருக்கக் கூடாது. அரசு உத்தரவு வரும் வரை காத்திருக்கவும் தேவை இல்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் எந்தப் பள்ளியிலும் பாதித் தூக்கத்தில்தான் போகிறது. வாத்தியார் அந்த நேரத்தில் கரும்பலகையில் ஒரு காக்கை வரையலாம்.