மைதானம் இல்லாத ஊரில் அணி எவ்வாறு உருவாகும்?

மலையக நகரங்களின் அபிவிருத்தி பற்றிப் பேசப்படும் போதெல்லாம் வீதி அகலிப்பு, பஸ் தரிப்பிடம், வர்த்தகக் கட்டடத் தொகுதி, உல்லாசப் பயணிகளுக்கான வசதி என்ற வரிசையிலேயே திட்டங்கள் முன்வைக்கப்படுவது வழக்கமாகிவிட்டது. விளையாட்டு மைதானம் அந்தப் பட்டியலின் கடைசியிலேயே இடம்பெறுகின்றது. பல சந்தர்ப்பங்களில் இடம்பெறுவதே இல்லை. ஆனால், ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நோர்வூட்டிலோ வாழும் ஓர் உதைபந்தாட்ட ரசிகரிடம் அவரது ஊரின் குறைகள் எவை என்று வினவினால், அவர் மைதானத்திலிருந்தே தமது முறைப்பாட்டை ஆரம்பிப்பார். ஒரு மழைக்கே சேறாகும் தரை, நீர் வடியாத வடிகான், உடை மாற்றுவதற்கோ மலசலகூடத்துக்கோ இடமில்லாத நிலை, போட்டி நாளன்று வேறு யாருடைய கூட்டத்துக்கோ மைதானம் கொடுக்கப்பட்டிருத்தல் என அவரது முறைப்பாடு நீண்டு செல்லும்.

இதனை விளையாட்டுப் பித்துப் பிடித்த ஒருவரின் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த ரசிகர் அடுக்கும் ஒவ்வொரு குறையும் உண்மையில் நகர நிர்வாகத்தின் குறையே. மைதானத்தில் வடியாத நீர் கடைத்தெருவிலும் வடிவதில்லை. மைதானத்தில் இல்லாத மலசலகூடம் பஸ் நிலையத்திலும் போதியதாக இல்லை. ஊரின் அணி தோற்பதற்கும் ஊர் சீர்கெடுவதற்கும் காரணம் ஒன்றாகவே இருக்கின்றது. பொது இடம் யாருக்குச் சொந்தம், அதனைப் பராமரிக்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு மலையகத்தில் இன்னமும் தெளிவான விடை இல்லை என்பதே அந்தக் காரணமாகும்.

இந்தக் கேள்வியின் வேர் வரலாற்றில் உள்ளது. நாவலப்பிட்டி வரை 1874ஆம் ஆண்டில் வந்த புகையிரதப் பாதை 1884ஆம் ஆண்டில் ஹட்டனையும் 1885ஆம் ஆண்டில் நானுஓயாவையும் எட்டியது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றி இறக்குவதற்காகவே வளர்ந்த நகரங்கள் இவை. மலைச்சரிவுகளால் ஆன இப்பிரதேசத்தில் சமதரை என்பது அரிய பொருளாகும். கிடைத்த சமதரையில் துரைமார் தமக்கெனக் கழகங்களையும் மைதானங்களையும் அமைத்துக் கொண்டனர். டரவளையில் டிக்கோயா - மஸ்கெலியா கழகமும் ராதெல்லையில் திம்புள்ளைக் கழகமும் கிரிக்கெட்டுக்கும் றக்பிக்கும் பெயர் பெற்றவை. நுவரெலியா நகரின் மத்தியில் 18 குழிகளைக் கொண்ட கோல்ஃப் மைதானமும் குதிரைப் பந்தயத் திடலும் பரந்து கிடக்கின்றன. அதே மலைகளில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்கு எஞ்சியது தொழிற்சாலை முற்றமும் லயன்களுக்கு இடைப்பட்ட வாசலும், அதிர்ஷ்டம் இருந்தால் ஆற்றோரத்துப் புல்வெளியுமே. உதைபந்தாட்டம் மலையகத்தின் விளையாட்டானதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். அதற்கு ஒரு பந்து போதும். மட்டையும் காலுறையும் வாங்கும் செலவில்லை.

சுதந்திரத்தின் பின்னரும் நிலைமை மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களில் பெரும்பாலோர் நாடற்றவராயினர். வாக்கு இல்லாதவரின் மைதானத்தைப் பற்றி எந்தச் சபையும் கவலைப்படப் போவதில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டத்துடன் பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர்வு கண்டது. எனினும் வாக்குச் சீட்டு கிடைத்த பின்பும் மற்றொரு தடை எஞ்சியிருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, பிரதேச சபைகள் தமது நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிட முடியாதிருந்தது. தோட்ட மக்கள் சபை உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். அந்த உறுப்பினரோ தமக்கு வாக்களித்தவர்களின் பாதையைச் செப்பனிடவோ மைதானத்துக்கு வேலி அமைக்கவோ முடியாது. இந்த விசித்திரம் 2018ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்படும் வரை நீடித்தது. நுவரெலியா மாவட்டத்தில் இருந்த நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பெரும் பிரதேச சபைகளும் ஆறு சபைகளாகப் பிரிக்கப்பட்டு, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியன தனிச் சபைகளானதும் அக்காலத்திலேயே.

ஆனால், அச்சபைகள் ஒரு பதவிக்காலத்தைக் கூட நிம்மதியாகக் கழிக்கவில்லை. 2020ஆம் ஆண்டில் கொவிட் தொற்று, 2022ஆம் ஆண்டில் பொருளாதார வீழ்ச்சி, 2023 மார்ச் மாதம் தொடக்கம் மக்கள் பிரதிநிதிகள் இல்லாத இரண்டாண்டு நிர்வாகம் என்று காலம் கடந்தது. 2025 மே 6ஆம் திகதி நடைபெற்ற தேர்தலின் பின்னரே சபைகள் மீண்டும் கூடின. எனவே, தோட்டங்களுக்குள் நிதியைச் செலவிடும் சட்ட அதிகாரமும் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்களும் ஒருசேரக் கிடைத்துள்ள இத்தருணத்தில், 'எங்களுக்கு அதிகாரம் இல்லை' என்ற பழைய பதிலை இனியும் ஏற்க முடியாது.

ஹட்டன் நகரையே எடுத்துக் கொள்வோம். ஹட்டன் - டிக்கோயா நகரசபையின் எல்லை, நகரைச் சூழ்ந்துள்ள பெரும்பாலான தோட்டங்களின் வாயிலில் நின்றுவிடுகின்றது. சம்பள நாளில் நகரின் கடைகளை நிரப்புபவர்கள் அத்தோட்டங்களின் மக்களே. நகரப் பாடசாலைகளில் கற்பவர்களும் டன்பார் மைதானத்தில் ஆட விரும்புபவர்களும் அவர்களின் பிள்ளைகளே. ஆயினும் நகரசபையில் அவர்களுக்கு வாக்கில்லை. மறுபுறம், அவர்கள் வாழும் தோட்டத்தின் நிலம் 1992ஆம் ஆண்டு முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் நீண்டகால முகாமைத்துவத்தின் கீழ் உள்ளது. மைதானம் கேட்டால் நகரசபை எல்லையைக் காட்டுகின்றது. கம்பனி குத்தகையைக் காட்டுகின்றது. பிரதேச சபை நிதி நிலைமையைக் காட்டுகின்றது. பந்து இந்த மூவருக்கும் இடையில் உருண்டு கொண்டிருக்கின்றது.

இது தமிழ் மக்களின் பிரச்சினை மாத்திரமன்று. மலையக நகரங்களில் தலைமுறை தலைமுறையாக வர்த்தகம் செய்து வாழும் முஸ்லிம் மக்களுக்கும் உதைபந்தாட்டம் உயிரோடு கலந்த விளையாட்டாகும். கம்பளை ஸாஹிராக் கல்லூரியின் பெயரை உதைபந்தாட்டத்தை விடுத்துப் பேச முடியாது. தலைநகரில் ஜாவா லேன், ரினௌன், சோண்டர்ஸ் போன்ற கழகங்களின் வரலாற்றில் முஸ்லிம், மலாய், தமிழ், சிங்கள வீரர்கள் தோளோடு தோள் நின்றுள்ளனர். ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் மாலை நேரத்தில் மைதானத்துக்குச் செல்பவர்கள் இதனைக் கண்கூடாகக் காணலாம். லயத்திலிருந்து வந்த இளைஞனும் கடைத்தெருவிலிருந்து வந்த இளைஞனும் ஒரே அணியில் ஆடுவர். மஃரிப் பாங்கு ஒலிக்கும் வேளையில் ஆட்டம் தானாக முடிவுக்கு வரும். இன நல்லிணக்கம் பற்றி மண்டபங்களில் நடத்தப்படும் கருத்தரங்குகள் சாதிக்க முடியாததை ஒரு தட்டையான நிலமும் இரண்டு கோல் கம்பங்களும் செலவின்றிச் சாதிக்கின்றன. அந்த நிலத்தை இழப்பது எல்லோருக்கும் பொதுவான இழப்பாகும்.

திறமைக்குப் பஞ்சமில்லை என்பதற்கு நாவலப்பிட்டியே சான்று. அந்நகரின் அப்கன்ட்ரி லயன்ஸ் கழகம் 2021ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட சுப்பர் லீக் சுற்றுப்போட்டியில் நாட்டின் பத்து அணிகளுள் ஒன்றாகக் களமிறங்கியது. தலைநகரின் வசதி படைத்த கழகங்களுடனும் படையினரின் அணிகளுடனும் ஒரு மலைநகர அணி மோதியமை சாதாரண விடயமன்று. ஆனால், மேலிடத்தின் நிலை கீழுள்ளவர்களைத் தாங்குவதாக இல்லை. 1995ஆம் ஆண்டில் கொழும்பில் இந்தியாவை வீழ்த்தித் தெற்காசியக் கிண்ணத்தை வென்ற நாடு, 2023 ஜனவரியில் நிர்வாகச் சீர்கேடுகளால் பீபாவின் தடைக்குள்ளாகி, அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே அதிலிருந்து மீண்டது. தேசிய சம்மேளனம் தடுமாறும் போது கிராமத்துக் கழகம் தனது ஊரின் பலத்திலேயே நிற்க வேண்டியுள்ளது. ஊரின் பலம் என்பது ஊரின் மைதானமே.

இங்கு ஒரு நியாயமான ஆட்சேபனை எழக்கூடும். கூரை ஒழுகும் லயன் அறைகளில் இன்னும் பல்லாயிரம் குடும்பங்கள் வாழும்போது, நாட்சம்பளத்துக்கே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருக்கும்போது, மைதானம் ஒரு கேடா என்று கேட்பவர்கள் இருக்கின்றனர். வீட்டுக்கே காணி இல்லாத இடத்தில் விளையாட்டுக்குக் காணி எங்கே என்றும் அவர்கள் கேட்கலாம். இதனை நாம் இலேசாகக் கருதவில்லை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண்ணுக்குள் புதைந்தவர்களை மலையகம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின் மண்சரிவுகள் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்துவிட்டன. பாதுகாப்பான வீடே முதல் தேவை என்பதில் இரு கருத்துகளுக்கு இடமில்லை.

ஆயினும், வீடும் மைதானமும் ஒன்றையொன்று விலக்க வேண்டியவை அல்ல. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டம் லயனுக்குப் பதிலாக ஒரு கிராமத்தை உருவாக்குவதையே நோக்கமாகக் கொண்டது. பாதையும் நீரும் சனசமூக நிலையமும் மைதானமும் இல்லாமல் வீடுகளை மட்டும் வரிசையாகக் கட்டினால், அது சற்று விசாலமான லயனாகவே முடியும். அத்துடன், அனர்த்த வேளையில் மக்கள் ஒன்றுகூடுவதற்கும் நிவாரணப் பொருள்களை இறக்குவதற்கும் கூடாரம் அமைப்பதற்கும் உதவுவது திறந்த சமதரையே. ஆபத்தற்றதென ஆய்வில் உறுதி செய்யப்பட்ட நிலத்தில் அமையும் மைதானம், மழைக்காலத்தில் ஊரின் அடைக்கலமாகவும் விளங்கும்.

நமது மலையகத்தைப் போலவே தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் உருவான கேரளத்தின் மூணாறு இவ்விடயத்தில் நோக்கத்தக்கது. அங்கு தோட்டங்களுக்கிடையே நடைபெறும் ஃபின்லே கேடய உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி 1940களில் தோன்றியது. கம்பனிகள் கைமாறிய பின்னரும் அப்போட்டி கைவிடப்படவில்லை. கம்பனிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு அங்கும் இல்லாமலில்லை. விளையாட்டு அதனை நீக்கிவிடவும் இல்லை. ஆனால், தோட்டத்தின் பெயரால் ஓர் அணி, அணிக்கு ஒரு தரை, ஆண்டுக்கு ஒரு போட்டி என்ற ஒழுங்கு தலைமுறைகளைக் கடந்து நிலைத்துள்ளது. நம்மிடம் குறைவாக இருப்பது பணத்தை விடவும் இந்த ஒழுங்கே ஆகும்.

நம் நாட்டில் மைதானம் என்றவுடன் அரசியல்வாதிகளின் மனக்கண்ணில் தோன்றுவது பார்வையாளர் அரங்கும் பெயர்ப்பலகையும் திறப்பு விழாவுமே. நோர்வூட்டில் சௌமியமூர்த்தி தொண்டமான் பெயரில் அமைந்துள்ள விளையாட்டரங்கை நாடறியும். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையக மக்களிடையே உரையாற்றியதும், 2020 மே மாதம் ஆறுமுகன் தொண்டமானுக்கு இறுதி அஞ்சலி செலுத்தப்பட்டதும் அங்கேதான். அத்தகைய நிகழ்வுகளுக்கு ஒரு பொது இடம் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஒரு மைதானத்தின் பெயர் கூட்டங்களாலும் களியாட்ட விழாக்களாலும் மட்டுமே செய்திகளில் அடிபடுமாயின், அங்கு பயிற்சி பெற வேண்டிய சிறுவனுக்கு அதனால் பயனில்லை. தேர்தலுக்கு முன்னர் பந்தும் சீருடையும் வழங்கிவிட்டு, தேர்தல் முடிந்ததும் மைதானத்தில் லொறிகளை நிறுத்த இடமளிக்கும் வழக்கமும் முடிவுக்கு வரவேண்டும்.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. முதலாவதாக, ஒவ்வொரு சபையும் தனது எல்லைக்குள் உள்ள மைதானங்களை, தோட்ட மைதானங்கள் உட்பட, அளந்து பதிவு செய்து அப்பட்டியலை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பதிவில் இல்லாத மைதானம் ஒருநாள் கட்டடமாகவோ தேயிலை நிரையாகவோ மாறும்போது கேட்பாரில்லை. இரண்டாவதாக, தோட்ட மைதானங்களைப் பொதுப் பாவனைக்கென ஒதுக்குவது குறித்துக் கம்பனிகளுடன் எழுத்து மூல உடன்பாடு காணப்பட வேண்டும். துரை மாறும் போதெல்லாம் அனுமதி மாறும் நிலை நீடிக்கக்கூடாது. மூன்றாவதாக, பார்வையாளர் அரங்குக்கு முன்னர் வடிகான் அமைய வேண்டும். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெறும் வட்டவளையை அண்டிய பிரதேசத்தில் நீர் வடியாத மைதானம், தென்மேல் பருவக்காற்றுக் காலம் முழுவதும் பயனற்றுக் கிடக்கும்.

நான்காவதாக, விளையாட்டுக்கு உரிய நாள்களும் ஏனைய நிகழ்வுகளுக்கு உரிய நாள்களும் ஆண்டு ஆரம்பத்திலேயே அட்டவணையாக வெளியிடப்பட வேண்டும். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில் ஹட்டனும் ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவும் வெளியூர் மக்களால் நிரம்பி வழிவது புதிதல்ல. வருபவர்களுக்காக நகரம் தன்னை ஒழுங்கு செய்துகொள்ள முடியுமானால், அங்கேயே வாழ்பவர்களுக்காக வாரத்தில் சில மாலைகளை ஒதுக்குவது இயலாத காரியமன்று. ஐந்தாவதாக, பெண் பிள்ளைகளும் விளையாடக்கூடிய விதத்தில் பூட்டு உள்ள உடைமாற்றும் அறை, மலசலகூடம், வெளிச்சம் என்பன உறுதி செய்யப்பட வேண்டும். இவை இல்லாத மைதானம் ஊரின் பாதிப்பேருக்குக் கதவை அடைத்துவிட்ட மைதானமே.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. நகரசபையும் அயல் பிரதேச சபைகளும் கழகங்களின் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் அமர்ந்தால், எல்லைக்கு அப்பாற்பட்ட ஒரு பொது ஏற்பாட்டுக்கு வர முடியும். மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை 2023ஆம் ஆண்டில் நினைவு கூர்ந்தோம். காடழித்து மலைகளைத் திருத்திய மக்களின் வழித்தோன்றல்கள் கேட்பது ஒரு துண்டுச் சமதரையைத்தான். சபைகள் தமது அடுத்த வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்கும் போது, மைதானம் என்ற தலைப்பின் கீழ் எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது, சென்ற ஆண்டில் ஒதுக்கியதில் எவ்வளவு செலவிடப்பட்டது என்ற இரு கேள்விகளையும் ரசிகர்களும் பெற்றோரும் தமது உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும். அக்கேள்விகளுக்குப் பதிலளிக்கும் கடப்பாடு அவர்களுக்கு உண்டு என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.