சத்தம் கூடியதைத் தெளிவு என்கிறார்கள்

பழைய பாட்டு எதுவானாலும் 'ரீமாஸ்டர்' என்று போட்டிருப்பதுதான் கேட்கத் தகுந்தது, ரெக்கார்டும் குழாய் ஒலிபெருக்கியும் வெறும் பழக்க தோஷம் என்கிறார்கள். விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கம் கோயில் கொடைக்கு ரேடியோ செட் கட்டுகிற இளைஞர்களிடமும் இந்தப் பேச்சு வந்துவிட்டது. நான் இதை ஏற்கவில்லை.

ரீமாஸ்டரில் தெளிவு கூடுகிறது என்பது இவர்கள் சொல்லும் முதல் காரணம். பெரும்பாலும் கூடுவது சத்தம். ஒரே பாட்டை இரண்டு அளவில் வைத்துக் காட்டினால், சற்று உரக்க ஒலிப்பதையே காது நல்லதென்று எடுத்துக்கொள்ளும். யார் காதும் இதற்கு விலக்கில்லை. ஆனால் ஒலிப்பதிவில் உச்சத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குள் சத்தத்தைக் கூட்ட வேண்டுமானால் உச்சங்களை நசுக்கி, மெல்லிய இடங்களை மேலே தூக்கியாக வேண்டும். 2008இல் மெட்டாலிகா என்ற ராக் குழுவின் 'டெத் மேக்னட்டிக்' ஆல்பம் வந்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டில் அந்த அளவு நசுங்காமல் இருந்தன. ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஆல்பத்தைத் திரும்பக் கலந்து தரச் சொல்லி மனுவே போட்டார்கள்.

நம் பாட்டுகளில் இதன் சேதம் இன்னும் அதிகம். பல்லவி முடிந்து புல்லாங்குழல் தனியாக வரும் இடத்தில் மொத்த ஒலியும் தணியும். அந்தத் தணிவில்தான் அடுத்த சரணம் எழும். நசுக்கிய பதிப்பில் குழலும் குரலும் தபேலாவும் ஒரே உரத்தில் வந்து நிற்கின்றன. விளாத்திகுளம் சுவாமிகள் என்று பேர்பெற்ற நல்லப்பசாமி ஒரே ராகத்தை மணிக்கணக்கில் பாடிய ஊர் இது. அடக்கிப் பாடத் தெரியாதவரை இங்கே யாரும் பாடகர் என்று ஒப்பியிருக்க மாட்டார்கள். இவ்வளவு நசுக்கியும் லாபம் உண்டா என்றால் அதுவும் இல்லை. யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் உரத்த பாட்டைத் தாமே இறக்கிச் சமப்படுத்துகின்றன. கூட்டிய சத்தம் போய்விடும், நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

அடுத்தது கரகரப்பு. அதை நீக்குவது நல்லதுதானே என்கிறார்கள். அளவோடு செய்தால் நல்லதுதான். ஆனால் நாடாவின் இரைச்சல் உட்கார்ந்திருக்கும் அதே உயர் அலைவரிசையில்தான் பாடகரின் மூச்சும், சகர ஒலிகளும், ஜால்ரா அடங்கும் வாலும் இருக்கின்றன. ஒன்றை வழித்தெடுத்தால் மற்றதும் சேர்ந்து போகும். பி.பி. ஸ்ரீநிவாஸின் குரலில் பாதி அழகே அந்த மூச்சில் இருக்கிறது.

ஸ்டீரியோவாகவும் 5.1 ஆகவும் மாற்றினால் பாட்டு விரிகிறது என்ற வாதத்துக்கு அதிக இடம் தரத் தேவையில்லை. தமிழில் ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்குத் தொடக்கமாகச் சொல்லப்படும் 'பிரியா' 1978இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பாடல்கள் ஒற்றைத் தடத்துக்கென்றே சமன்செய்யப்பட்டவை. அவற்றின் கனஒலியை ஒரு காதுக்கும் கீச்சொலியை மறு காதுக்கும் தள்ளிவிட்டால் அது ஸ்டீரியோ ஆகாது. நடுவில் நிற்க வேண்டிய குரல்தான் இடம் தெரியாமல் அலையும். பீட்டில்ஸின் 'ரிவால்வர்' ஆல்பம் 2022இல் புதிதாகக் கலக்கப்பட்டபோது கணினியைக் கொண்டு கருவிகளைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு 1966இல் பதிவான மூல நாடாக்கள் பத்திரமாக இருந்தன. இங்கே கைபேசியில் சுற்றும் பல 'ரீமாஸ்டர்'களுக்கு மூலம் ஓர் எம்பி3 கோப்பு. அந்தக் கோப்பை உருவாக்கும்போதே வெட்டி எறிந்ததை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது.

இனிக் குழாய்க்கு வருகிறேன். பனையிலும் வேம்பிலும் கட்டுகிற குழாயின் யூனிட் நடு அலைவரிசைக்காகச் செய்யப்பட்டது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்குப் பெரிதாக வேலையில்லை. மனிதக் குரலில் சொல்லைப் புரியவைக்கும் பகுதி பெரும்பாலும் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. பழைய ஒற்றைத் தடப் பாடல்களிலும் குரலும் முக்கியக் கருவியும் அங்கேதான் முன்நிற்கும். ராத்திரியில் கரிசல் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிரும்போது ஒலி மேலே போகாமல் கீழ்நோக்கி வளையும். வெட்டவெளியில் அடுத்த ஊர் வரைக்கும் வார்த்தை வார்த்தையாகக் கேட்பது அதனால்தான். இதே குழாயில் அடிக்கனத்தை ஏற்றிய ரீமாஸ்டரைப் போட்டால் ஆம்ப்ளிஃபயரின் சக்தியெல்லாம் குழாயால் வெளியிட முடியாத ஒலிக்கே செலவாகும். டயாஃப்ரம் அளவுக்கு மீறி அதிர்ந்து யூனிட்டே போய்விடும். ரெக்கார்டுகளை இன்னும் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் பழைய செட்காரர்கள் பிடிவாதக்காரர்கள் இல்லை. தங்கள் கருவிக்கு எது ஒத்துவரும் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

இதனால் ரெக்கார்டே எல்லாவற்றிலும் மேல் என்று நான் சொல்லவரவில்லை. ஊசி உள்வட்டத்தை நெருங்க நெருங்கக் கீச்சொலி மங்கும். கரிசல் தூசி பள்ளத்தில் இறங்கிவிட்டால் 'டிக் டிக்' என்ற சத்தத்துக்கு முடிவே இல்லை. நல்ல ரீமாஸ்டரும் உண்டு. பீட்டில்ஸின் 1987 குறுந்தகடுகளைவிட 2009இல் வந்தவை உடம்போடு ஒலிக்கின்றன. அந்த வெளியீட்டில் நான் மதிப்பது, ஸ்டீரியோத் தொகுப்போடு ஒற்றைத் தடப் பதிப்புகளையும் தனிப் பெட்டியாகக் கொடுத்ததை.

தமிழ்ப் பாடல்களுக்கும் அதைத்தான் கேட்கிறேன். எம்.எஸ். விஸ்வநாதனும் கே.வி. மகாதேவனும் இசையமைத்த பாடல்களின் ஒற்றைத் தடப் பதிவை அப்படியே ஒரு பதிப்பாக விற்பனையில் வைக்க வேண்டும். ரீமாஸ்டர் என்று போடுகிறவர்கள் எந்த நாடாவிலிருந்து, எந்த ஆண்டில், யார் செய்தது என்பதையும் உறையில் அச்சிட வேண்டும். வாங்குகிறவர்கள் இரண்டு பதிப்பின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் வரும் இசையை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்க்கட்டும்.