குண்டடி பட்டது இலங்கையில். ஏட்டில் இருப்பது வேறு தேதி!

வேலூர்:
ஊருக்கு ஊர் பட்டாளத்துக்காரர்கள் உள்ள மாவட்டம் இது. பணி ஏட்டில் தேதி தப்பினால் என்ன ஆகும்?

இந்திய அமைதிப்படை இலங்கைக்கு போனது 1987 ஜூலை கடைசியில். முழுசாக திரும்பியது 1990 மார்ச்சில். அங்கே சண்டையில் குண்டடி பட்டு ஊனமானவருக்கு போர்க்காய பென்சன் உண்டு. சாதாரண ஊனமுற்றோர் பென்சனை விட இது அதிகம். ஆனால் அந்த தேதியில் அவர் உள்ளூர் முகாமில் இருந்ததாக பதிவாகி இருந்தால்? காலில் தழும்பு இருக்கு, காகிதத்தில் இல்லை!

திருத்தும் அதிகாரம் கலெக்டர் ஆபீசில் கிடையாது. மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர் என்றால் குன்னூர் வெலிங்டன் ஆவண அலுவலகத்துக்குத்தான் மனு போட வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தை மட்டும் நீட்டினால் வேலைக்கு ஆகாது, தப்பே அதில்தானே! யூனிட்டின் பார்ட்-2 ஆர்டர், ராணுவ ஆஸ்பத்திரி சீட்டு, இரண்டும்தான் பேசும். கையில் இல்லையா? 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். மறுத்தால் சென்னையில் ஆயுதப்படை தீர்ப்பாயம் இருக்கிறது.

அன்று 25 வயசு சிப்பாய்க்கு இன்று 60 தாண்டியாச்சு. கூட நின்று பார்த்தவர்களும் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க.