வேலைக்குப் போகும் வன்னிப் பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பலாமா?

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவைத் தாண்டினால் உடையார்கட்டு. ஒரு குளம், அதன் கீழே வயல், மேட்டுக்காணிகளில் தென்னையும் கச்சானும். காலபோக நெல்லை விற்று, உரக்கடைக் கணக்கையும் உழவு இயந்திரக் கூலியையும் தீர்த்தபின் கையில் மிஞ்சுவது சொற்பம். அதற்குப் பிறகு பல வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளையை எங்கே வேலைக்கு விடுவது? கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைக்கா, கட்டுநாயக்காவுக்கா, புறக்கோட்டைக் கடைக்கா? இல்லை, இருக்கிற நகையை அடைவு வைத்து ஏஜென்சிக்குக் கட்டிக் கட்டாருக்கா?

ஊரைவிட்டுப் போவதைத் துக்கச் செய்தியாக எழுதுவது பத்திரிகைகளின் வழக்கமாகிவிட்டது. அதில் பாதி நியாயம்தான் உண்டு. இருபது வயதுப் பிள்ளை வேறு மாகாணத்தில் உழைத்து, வீட்டுக் கூரைக்கு ஓடு போட்டுத் தம்பியைப் படிக்கவைத்தால் அதில் அழுவதற்கு எதுவும் இல்லை. அழவேண்டியது அந்தப் பிள்ளை போகிற விதத்தைப் பார்த்து. சிங்களம் தெரியாது, சம்பளச் சீட்டில் எது எதற்காகக் கழிக்கப்பட்டது என்று தெரியாது, தங்கப்போகும் அறையை யாரும் பார்த்ததில்லை. முன்பே போன ஊர்ப்பிள்ளை ஒருத்தியின் தொலைபேசி இலக்கம் மட்டும்தான் கையில். பாடசாலை, பிரதேச செயலகம், தொழில் திணைக்களம் என்று எல்லாம் இருந்தும், வேலை தேடிப் போவது இன்னும் அந்தந்த வீட்டுக்காரரின் தனிப்பட்ட பாடாகவே விடப்பட்டிருக்கிறது. இது மாறவேண்டும்.

வன்னி ஒருகாலத்தில் ஆட்கள் வேலைக்காக வந்து சேர்ந்த நிலம். 1902இல் வேலை தொடங்கி 1920இல் நிறைவடைந்த இரணைமடுக் குளத்தை நம்பி, 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. யாழ்ப்பாணத்தின் சன நெருக்கத்தையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் தணிப்பதே அதன் நோக்கம். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்கள் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிக் காடுகளை வெட்டிக் கழனியாக்கினார்கள். இன்று பிள்ளைகளை வெளியே அனுப்பும் குடும்பங்கள் பலவற்றில் பாட்டனோ பூட்டனோ இப்படித் தொழில் தேடி வந்தவர்தான். வந்தவர்களுக்குக் காணி அளந்து கொடுக்கவும், வாய்க்கால் வெட்டவும், பாடசாலை கட்டவும் அன்று ஒரு திட்டம் இருந்தது. குறைகள் நிறைந்த திட்டம்தான், ஆனாலும் திட்டம்.

பிறகு வந்தது வேறு வகையான புறப்பாடு. போரின் இறுதிக் கட்டத்தில், 2009 ஜனவரியில் அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள் உடையார்கட்டும் சுதந்திரபுரமும் வள்ளிபுனமும் இருந்தன. அந்த வலயத்துக்குள்தான் எறிகணைகள் விழுந்தன; உடையார்கட்டில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலையும் தப்பவில்லை. அங்கிருந்து கிழக்கே கடற்கரைவரை நடந்து, முகாம்களில் இருந்து, ஊர் திரும்பியவர்களுடைய பிள்ளைகளே இப்போது வேலை வயதுக்கு வந்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் ஒரு பையைக் கட்டுவதே பெற்றோருக்கு எதை நினைவூட்டும் என்பதை வெளியார் விளங்கிக்கொள்வது கடினம்.

நிலைமையை எண்களில் சொல்வதென்றால், 2012/13 வீட்டு வருமான, செலவினக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 6.7 வீதமாக இருந்தபோது முல்லைத்தீவு மாவட்டத்தில் அது 28.8 வீதம். 2016இல் நாட்டுக்கு 4.1, முல்லைத்தீவுக்கு 12.7, பக்கத்துக் கிளிநொச்சிக்கு 18.2. குறைந்தது உண்மை. ஆனால் அந்த எண்களில் கடன் சுமை தெரியாது. நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணையில் சிக்கிய பெண்களின் நிலை எவ்வளவு மோசமானதென்றால், 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபா வரையான கடன்களை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. தவணைக்காரர் வாசலில் நிற்கும் வீட்டில், மகள் எந்த ஊருக்கு எந்த வேலைக்குப் போவது என்பதை ஆறுதலாக யோசித்து முடிவெடுக்க முடியாது.

உள்ளூரில் தொழிற்சாலையே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பளம் என்று மாதச் சம்பளம் தந்த இடங்கள் இருந்தன. போர் அவற்றை மூடியது. ஆனையிறவில் இப்போது மீண்டும் உப்பு விளைகிறது. போருக்குப் பின் வந்தவை பெரும்பாலும் ஆடைத் தொழிற்சாலைகள். கிளிநொச்சி அறிவியல் நகரில் மாஸ் நிறுவனத்தின் வானவில், வவுனியாவில் ஒமேகா லைன், புதுக்குடியிருப்பிலும் ஒன்று. 2021 மே மாதம் அந்தப் புதுக்குடியிருப்புத் தொழிற்சாலையில் கொரோனா பரவி, முல்லைத்தீவு, முள்ளியவளை, புதுக்குடியிருப்பு பொலிஸ் பிரிவுகள் மூடப்பட்டபோதுதான், எத்தனை கிராமங்களின் வருமானம் ஒரு கூரையின் கீழ் தைக்கப்படுகிறது என்று பலருக்குத் தெரியவந்தது. விடியுமுன் பஸ் ஏறவேண்டும், டார்கெட் முடிக்கவேண்டும், முதுகு வலிக்கும். ஆனாலும் இரவு தாயின் கையால் சோறு கிடைக்கும். சுப்பர்வைசர் ஏசினாலும் தமிழில் ஏசுவார், பதில் சொல்லலாம். இந்தச் சின்ன விடயத்தைப் பொருளாதாரம் பேசுவோர் கணக்கில் எடுப்பதில்லை.

கட்டுநாயக்கா அப்படியல்ல. 1978இல் தொடங்கிய நாட்டின் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் அது. வலயத்தைச் சுற்றிய தெருக்களில் வீட்டின் பின்பக்கம் வரிசையாகக் கட்டிய போடிங் அறைகள். ஓர் அறைக்குள் இரண்டு மூன்று பேர், சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட உடுப்பு, மூலையில் காஸ் அடுப்பு, பக்கத்தில் ஊரிலிருந்து அம்மா வறுத்து இடித்துக் கட்டிக்கொடுத்த மிளகாய்த்தூள் போத்தல், குளிக்க வரிசை. அறைக்காரி சொல்லும் வாடகை விதி சிங்களத்தில், லைனில் அறிவித்தல் சிங்களத்தில், காய்ச்சல் என்று போனால் மருந்தகத்தில் கேட்கும் கேள்வியும் சிங்களத்தில். தெற்கிலிருந்து வந்த சக தொழிலாளப் பெண்கள் கைபிடித்துச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. வன்னியிலிருந்து போனவர்கள் அங்கே பழகிய சிங்களம் பெரும்பாலும் அவர்களிடம் கற்றதே. ஆனால் அது ஆறு மாதமோ ஒரு வருடமோ எடுக்கும். பிள்ளைக்கு ஏதாவது நடப்பதாக இருந்தால் அந்த முதல் ஆறு மாதத்துக்குள்தான் நடக்கிறது: ஓவர்டைம் கணக்குத் தவறும், விடுமுறைக் கடிதம் பிழைக்கும், புரியாத தாளில் கையெழுத்து விழும்.

பணத்தைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் தொழில்தருநர் பங்காக 12 வீதமும் போகவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம் கட்டவேண்டும். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. 30,000 ரூபாச் சம்பளம் என்றால் மாதம் 6,000 ரூபா சேமலாப நிதியில் சேரவேண்டும். ஐந்து வருடம் உழைத்த பெண்ணுக்கு வட்டியில்லாமலே மூன்றரை லட்சத்துக்கு மேல். அடைவிலிருக்கும் நகையை மீட்க அது போதும். ஆனால் வேலை மாற மாறப் புதிய தொழில்தருநரின் கீழ் உறுப்பினர் இலக்கமும் மாறும். பழைய இலக்கத்தை எழுதி வைக்காதவர்கள் அலைகிறார்கள். மேன்பவர் ஆட்களின் கீழ் நாட்சம்பளத்துக்கு நிற்பவர்கள் பலருக்கு இலக்கமே இல்லை. திருமணத்துக்காக வேலையை விடும் பெண் அந்தப் பணத்தை எடுக்கலாம் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பாடவேளை போதும்.

ஆயத்தத்தோடு வேலை தேடிப் போனவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்துக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மலாயாவுக்குப் போனார்கள். ரயில்வேயிலும் அரச அலுவலகங்களிலும் எழுதுவினைஞர்களாக, நிலைய அதிபர்களாக இருந்து அவர்கள் அனுப்பிய காசில் ஊரே நின்றதால், யாழ்ப்பாணத்தை மணியோடர் பொருளாதாரம் என்றே சொன்னார்கள். அந்த வெற்றியைக் கெட்டித்தனம் என்ற ஒரு சொல்லில் முடிப்பது தவறு. வட்டுக்கோட்டையில் 1823இலேயே செமினரி தொடங்கியிருந்தது. அதன் வழிவந்த ஆங்கிலப் பாடசாலைகளில் படித்துவிட்டுத்தான் அவர்கள் கப்பலேறினார்கள். போகும் இடத்து வேலையின் மொழி கப்பலேறுமுன்பே வாயில் இருந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் சங்கம் வைத்தார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கந்தசாமி கோயில் கட்டினார்கள். பின்னால் வந்தவனுக்கு இறங்க ஒரு திண்ணை இருந்தது. உடையார்கட்டுப் பிள்ளைக்குக் கட்டுநாயக்காவில் அந்த இரண்டும் இல்லை. உள்நாட்டிலேயே, ஓர் இரவு பஸ் பயணத் தூரத்தில், இல்லை.

கடல்கடந்து போவோரின் கதை இதைவிடக் கனமானது. பொருளாதாரம் சரிந்த 2022இல் நாடு முழுவதிலுமிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிவுசெய்து போனார்கள். அரச ஊழியருக்கே ஐந்து வருடம்வரை சம்பளமற்ற விடுமுறை கொடுத்து, போய் உழைத்து டொலர் அனுப்புங்கள் என்றது அரசாங்கம். சிறு பிள்ளைகளின் தாய்மாருக்கு வெளிநாடு போகுமுன் குடும்பப் பின்னணி அறிக்கை பெறவேண்டும் என்று 2013இலிருந்து இருந்த கட்டுப்பாடும் அந்த வருடமே தளர்த்தப்பட்டது. பதிவுசெய்து, ஒப்பந்தத்தோடு போனவர்களுக்கு முறையிட ஒரு பணியகமாவது உண்டு. பதிவில்லாத வழியில் போனவர்களுக்கு? 2022 நவம்பரில் முந்நூறுக்கும் மேற்பட்ட இலங்கையரோடு வியட்நாமுக்கு அப்பால் தத்தளித்த கப்பலில் வடக்கைச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகச் சொல்லிக் கூட்டிச்செல்லப்பட்ட தங்கள் பிள்ளைகள் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டதாக வடக்கின் குடும்பங்கள் 2024இல் கதறின. ஏற்கெனவே ஒரு போரைக் கண்ட வீடுகள் அவை. ஒரு தரகரின் உரிமப்பத்திரத்தைச் சரிபார்த்துச் சொல்ல ஊருக்குள் ஒருவர் இருந்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய துயரம் இது.

வெளியூரிலிருந்து உடையார்கட்டுப் பக்கம் வேலைக்கு வருகிறவர்களும் உண்டு. கஷ்டப் பிரதேச நியமனத்தில் வரும் ஆசிரியரும் மருத்துவரும் அரச உத்தியோகத்தரும் நியமனக் கடிதத்தோடு வருகிறார்கள். எத்தனை வருடம், எப்போது இடமாற்றம் என்று விதி இருக்கிறது. தங்குமிடம் இல்லை, பஸ் இல்லை என்றால் பேச அவர்களுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. அவர்களுக்கு அது தேவை, இன்னும் கூடத் தேவை. அதே வீதியால் எதிர்த்திசையில் போகும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அதில் நூற்றிலொரு பங்குகூட இல்லை என்பதுதான் பொறுக்க முடியாதது.

ஊரிலேயே வேலை தருவோம் என்ற வாக்குறுதி அவ்வப்போது வருகிறது. 2025 செப்டெம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க புதுக்குடியிருப்புக்கு வந்து வடக்குத் தென்னை முக்கோணத் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். வட்டுவாகல் பாலத்தைப் புதிதாகக் கட்டும் வேலையும் அப்போதே தொடங்கியது. நல்ல செய்திகள். ஆனால் இன்று நட்ட தென்னங்கன்று காய்க்க ஐந்தாறு வருடமாகும். அதற்குள் உடையார்கட்டு மகா வித்தியாலயம் போன்ற பாடசாலைகளிலிருந்து ஐந்தாறு தொகுதி மாணவர்கள் பரீட்சை எழுதி வெளியேறிவிடுவார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் சரியான வழி. மோட்டார் வாகனம், மின்சாரம், உணவுத் தொழினுட்பம் என்று தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு போகிறவரை எந்த மாகாணத்திலும் எந்த நாட்டிலும் ஹெல்பராக நிறுத்திவைக்க முடியாது. முல்லைத்தீவு மாவட்டப் பிள்ளைகள் அங்கே படிக்க, நேரத்துக்கு ஓடும் ஒரு பஸ்ஸும் பயணப் படியும் வேண்டும்.

மற்றவர்களுக்கு? சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை சில மாதங்கள் சும்மா கழிகின்றன. தரகர்கள் வீடு வீடாக வருவதற்கு அதைவிட வசதியான காலம் இல்லை. சிங்களம் இரண்டாம் மொழியாகப் பாடத்திட்டத்தில் இருந்தும் பேச வராத பிள்ளைகளுக்கு, அந்த மாதங்களில் அதே பாடசாலையின் வெறும் வகுப்பறையில் பேச்சுச் சிங்களம் சொல்லிக்கொடுக்கலாம். சம்பளச் சீட்டை வாசிப்பது, சேமலாப நிதி இலக்கத்தைக் குறித்துவைப்பது, ஒப்பந்தத்தில் பார்க்கவேண்டியவை ஆகியவற்றைக் கட்டுநாயக்காவில் உழைத்துத் திரும்பிய ஊர்ப்பெண்களே சொல்லலாம். அவர்களைவிட நன்றாக யாரும் சொல்லமாட்டார்கள். அதற்கு அவர்களுக்கு ஒரு கொடுப்பனவு வேண்டும். தொழில் திணைக்களமும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் மாதத்தில் ஒருநாளாவது புதுக்குடியிருப்புப் பிரதேச செயலகத்தில் வந்து அமர்ந்து, தரகர் கொடுத்த கடதாசிகளைப் பார்த்துத் தமிழில் பதில் சொல்லவேண்டும். அடுத்த பரீட்சைக்கு முன்பே இதைத் தொடங்க வலயக் கல்விப் பணிமனையும் பிரதேச செயலகமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். புதிய கட்டடமும் வேண்டாம், புதிய சட்டமும் வேண்டாம்.