கையடக்க விளையாட்டும் நிண்டெண்டோ நிறுவனமும்: வீழ்ச்சி, மீட்சி, எதிர்காலம்

வாணிகத்தில் தோல்வி புதிதன்று. ஏற்றமும் தாழ்வும் மாறி மாறி வருதல் உலகியல்பு. ஆயினும் தாழ்வு வந்துற்ற காலத்தில் ஒரு நிறுவனம் யாரைக் காக்கிறது, எதனைக் கைவிடுகிறது என்பதைக் கொண்டே அதன் தரத்தை அளவிடல் வேண்டும். இவ்வளவுகோலைக் கொண்டு ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ நிறுவனத்தின் வரலாற்றையும், அது உலகெங்கும் பரப்பிய கையடக்க விளையாட்டுக் கருவியின் எதிர்காலத்தையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

தமிழ்த் துறை வெளியிடும் மலரில் இப்பொருள் எதற்கு என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். இன்றைய மாணவரின் கையில் செல்பேசி இருக்கிறது. அதன் திரையில் அவர்கள் நாடுவனவற்றுள் விளையாட்டும் ஒன்று. அவ்விளையாட்டை ஆக்குவோர் யார், எந்நோக்கத்தோடு ஆக்குகின்றனர் என்பதை அறியாமல் 'ஆடாதே' என்று கூறுதல் பயனற்றது. 'ஆடிக்கொள்' என்று விட்டுவிடுதல் பொறுப்பற்றது. அறிந்து கூறுதலே ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் அழகு.

சீட்டில் தொடங்கிய வரலாறு

நிண்டெண்டோ 1889ஆம் ஆண்டில் கியோட்டோ நகரில் ஃபுசாஜிரோ யமவுச்சி என்பவரால் தொடங்கப்பெற்றது. அன்று அது செய்து விற்றவை ஹனாஃபுடா எனப்படும் பூச்சித்திரச் சீட்டுகள். அச்சீட்டுகளைச் சூதாடுவோரும் வாங்கினர். 1949ஆம் ஆண்டில் தலைமையேற்ற ஹிரோஷி யமவுச்சியின் காலத்தில் நிறுவனம் சீட்டிலிருந்து பொம்மைக்கும், பொம்மையிலிருந்து மின்னணு விளையாட்டுக்கும் நகர்ந்தது.

இம்மாற்றத்தில் பெரும்பங்கு வகித்தவர் குன்பெய் யோகோய். இவர் 1965ஆம் ஆண்டில் தொழிற்சாலை எந்திரங்களைப் பராமரிக்கும் பணியில் சேர்ந்தவர். ஓய்வு நேரத்தில் இவர் செய்துவைத்திருந்த நீளும் கைப்பொம்மையைத் தலைவர் கண்டார். அது 1966ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. பின்னாளில் இரயிலில் பயணி ஒருவர் பொழுதுபோகாமல் கணக்கிடும் கருவியின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததை யோகோய் கண்டதாகவும், அதிலிருந்தே சட்டைப் பையில் அடங்கும் விளையாட்டுக் கருவி என்னும் எண்ணம் பிறந்ததாகவும் கூறுவர். 1980ஆம் ஆண்டில் வெளிவந்த 'கேம் அண்ட் வாட்ச்' அவ்வெண்ணத்தின் பயனாகும்.

பழைய நுட்பம், புதிய நோக்கு

யோகோய் கடைப்பிடித்த கொள்கை ஒன்றுண்டு. புதிதாகத் தோன்றிய விலை மிகுந்த நுட்பத்தின் பின்னே ஓடாமல், நன்கு பழகி விலை குறைந்துவிட்ட நுட்பத்தை எடுத்து, அதனைப் பிறர் எண்ணாத வகையில் பயன்படுத்துதல் வேண்டும் என்பதே அது. 1989ஆம் ஆண்டில் வெளிவந்த 'கேம் பாய்' இக்கொள்கையின் சிறந்த சான்று. அதன் திரையில் வண்ணம் இல்லை, ஒளியும் இல்லை. அதே ஆண்டில் அடாரி நிறுவனத்தின் 'லின்க்ஸ்' கருவியும், அடுத்த ஆண்டில் சேகா நிறுவனத்தின் 'கேம் கியர்' கருவியும் வண்ணத் திரையோடு வந்தன. காட்சிக்கு அவை அழகியவை. ஆயினும் ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்திலேயே தீர்த்துவிட்டன. கேம் பாயோ நான்கு மின்கலங்களைக் கொண்டு பத்து மணி நேரத்திற்கும் மேலாக இயங்கியது. குறைந்த விலை, கீழே விழுந்தாலும் தாங்கும் உடல், 'டெட்ரிஸ்' என்னும் எளிய விளையாட்டு ஆகியவை சேர்ந்து அதனை வெல்லச் செய்தன. அதன் வண்ணப் பதிப்பையும் சேர்த்து 11 கோடியே 86 இலட்சம் கருவிகள் விற்பனையாயின.

1996ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த 'போக்கிமான்' இக்கருவிக்கு மறுவாழ்வு அளித்தது. அதில் எல்லா உயிர்களையும் ஒருவரே தனித்துச் சேகரித்தல் இயலாது. மற்றொருவரின் கருவியோடு கம்பியால் இணைத்துப் பண்டமாற்றுச் செய்தல் வேண்டும். தனிமையில் ஆடும் கருவியே இரு சிறுவரை அருகருகே அமர்த்தி வைத்தது. இதனை நாம் மனத்தில் இருத்துதல் நலம்.

இரு நிறுவனங்கள், இரு வழிகள்

நிண்டெண்டோவுக்குப் பெரும் போட்டியாக விளங்கிய சேகா, 1998ஆம் ஆண்டில் ஜப்பானில் 'ட்ரீம்காஸ்ட்' என்னும் கருவியை வெளியிட்டது. அது சிறந்த கருவியே. எனினும் முந்தைய இழப்புகளும் சோனியின் போட்டியும் அதனை வீழ்த்தின. 2001ஆம் ஆண்டு சனவரியில் கருவித் தயாரிப்பை நிறுத்துவதாகச் சேகா அறிவித்தது. அதன் தலைவர் இசாவோ ஓகவா, நிறுவனத்துக்குத் தாம் கொடுத்திருந்த கடனைத் தள்ளுபடி செய்து, தம் பங்குகளையும் அளித்து அதனை முறியாமற் காத்தார். அவ்வாண்டு மார்ச்சில் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே சேகாவின் 'சோனிக்' விளையாட்டு, நேற்றுவரை பகையாக இருந்த நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியில் வெளிவந்தது. காலத்தின் கோலம் இதுவன்றோ!

அதே நிலை பத்தாண்டு கழித்து நிண்டெண்டோவையும் நெருங்கியது. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த 'டி.எஸ்.' 15 கோடிக்கு மேலும், 2006ஆம் ஆண்டில் வெளிவந்த 'வீ' 10 கோடிக்கு மேலும் விற்றன. இப்பெருவெற்றியை அடுத்து 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் '3டி.எஸ்.' 25,000 யென் விலையில் வந்தது. வாங்குவோர் மிகவில்லை. ஆறு மாதம் நிறைவதற்குள் விலை 15,000 யென்னாகக் குறைக்கப்பெற்றது. 2012 மார்ச்சில் முடிந்த கணக்காண்டில் நிறுவனம் 4,320 கோடி யென் இழப்பைச் சந்தித்தது. 2012 நவம்பரில் வெளிவந்த 'வீ யூ' அதனினும் தாழ்ந்தது. ஓராண்டில் 90 இலட்சம் விற்கும் என்று எதிர்பார்த்தவர்கள், 2014 சனவரியில் அவ்வெண்ணிக்கையை 28 இலட்சமாகக் குறைக்க நேர்ந்தது. அதன் வாழ்நாள் விற்பனை 1 கோடியே 35 இலட்சத்தளவில் நின்றது.

சேகாவைப் போலக் கருவித் தொழிலை விட்டுவிடுக, செல்பேசிக்கு விளையாட்டுகளைச் செய்து கொடுக்க என்று முதலீட்டாளர் பலர் நெருக்கினர். கையடக்கக் கருவியின் காலம் முடிந்தது என்று எழுதாத ஏடு அரிது.

தலைவர் செய்த தேர்வு

அன்று தலைமைப் பொறுப்பில் இருந்தவர் சதோரு இவாட்டா. இவர் நிரல் எழுதும் கலைஞராக வாழ்வைத் தொடங்கியவர். கடனில் மூழ்கிய ஹால் நிறுவனத்துக்கு 1993ஆம் ஆண்டில் தலைவராகி அதனைக் கரையேற்றியவர். 2002ஆம் ஆண்டில் யமவுச்சிக்குப் பின் நிண்டெண்டோவின் தலைவரானவர். 3டி.எஸ். விலை குறைக்கப்பெற்றபோது இவர் தம் ஊதியத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். பிற இயக்குநர்களின் ஊதியமும் குறைந்தது. முன்னரே முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் ஏமாந்தோம் என்று வருந்தாதவாறு, அவர்களுக்கு 20 விளையாட்டுகள் விலையின்றி வழங்கப்பெற்றன. 2014ஆம் ஆண்டில் இழப்பு தொடர்ந்தபோது இவர் மீண்டும் தம் ஊதியத்தைப் பாதியாக்கினார்.

ஆட்குறைப்புச் செய்தால் கணக்கேட்டில் இலாபம் காட்டலாமே என்னும் வினாவை 2013ஆம் ஆண்டில் பங்குதாரர் எழுப்பினர். வேலை போய்விடுமோ என்று அஞ்சிக்கொண்டிருப்பவர், மக்கள் மனத்தைத் தொடும் விளையாட்டைப் படைத்தல் இயலாது என்னும் பொருள்பட இவாட்டா விடையிறுத்தார். இழப்பின் சுமையை முதலில் தலைவன் தன் தோளில் ஏற்றுதல் அறம் மட்டுமன்று. அறிவுடைமையும் ஆகும் என்பதே நம் கருத்து. திறன் என்பது எந்திரத்தில் இல்லை. பல்லாண்டு பழகிய மனிதரின் கையிலும் கருத்திலும் உள்ளது. அவர்களைக் கலைத்துவிட்டு மீண்டும் திரட்டுதல் எளிதன்று. பள்ளியாயினும் வணிக நிலையமாயினும், ஒன்றை நடத்தும் பொறுப்புடையோர் எண்ணத்தக்க செய்தி இது.

இவாட்டா 2015 சூலை 11ஆம் நாள் தம் 55ஆம் வயதில் மறைந்தார். அவர் காலத்தில் வித்திடப்பெற்ற 'சுவிட்ச்' 2017 மார்ச் 3ஆம் நாள் வெளிவந்தது. வீட்டில் தொலைக்காட்சியோடு இணைக்கலாம். எடுத்தால் கையில் வைத்து ஆடலாம். வீட்டுக் கருவிக்கு ஒரு குழுவும் கையடக்கக் கருவிக்கு வேறொரு குழுவும் உழைத்துவந்த நிலை மாறி, இரண்டும் ஒன்றாயின. போட்டியாளரின் கருவிகளைவிட அதன் ஆற்றல் குறைவே. எனினும் 15 கோடிக்கு மேல் விற்றது. யோகோயின் பழைய கொள்கை, அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழித்தும் பயன் தந்தது.

செல்பேசியும் சூதும்

செல்பேசி விளையாட்டைப் பற்றி இனி நோக்குவோம். 2016 திசம்பரில் நிண்டெண்டோ செல்பேசிக்கென ஒரு மாரியோ விளையாட்டை வெளியிட்டது. சிறிது ஆடிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் ஒருமுறை விலை கொடுத்து முழுவதையும் பெறலாம். பதிவிறக்கியோர் மிகப் பலர். விலை கொடுத்தோர் மிகச் சிலர். அடுத்த ஆண்டில் வேறொரு விளையாட்டு வந்தது. அது விலையற்றது. ஆயினும் எது கிடைக்கும் என்று அறியாமலேயே பணம் கட்டிக் குலுக்கல் முறையில் வீரர்களைப் பெறும் ஏற்பாடு அதில் இருந்தது. பொருள் ஈட்டியது பின்னதே.

இங்கேதான் நம் கவலை பிறக்கிறது. சூதாடுவோர் வாங்கிய சீட்டில் தொடங்கிய நிறுவனம், நெடுந்தொலைவு நடந்து, செல்பேசி வழியாக அச்சீட்டின் அருகிலேயே வந்து நின்றது. இது அந்நிறுவனத்தின் குறை மட்டுமன்று. செல்பேசி விளையாட்டுத் தொழிலின் பெரும்பகுதி இவ்வடித்தளத்தின் மேல் நிற்கிறது. இஸ்லாம் சூதை விலக்கியது. திருக்குறளும் சூதுக்கெனத் தனி அதிகாரம் வகுத்துக் கண்டித்தது. காசு வைத்து ஆடுவது மட்டுமே சூது என்று இன்றைய இளைஞர் எண்ணுதல் கூடாது. பெறுவது இன்னதென்று அறியாமல் மீண்டும் மீண்டும் பணம் கட்டத் தூண்டும் எதுவும் சூதின் சாயலுடையதே. நம் மார்க்கம் விளையாட்டையே வெறுத்தது என்று கருதுவதும் தவறு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அம்பெய்தலையும் குதிரையேற்றத்தையும் ஊக்குவித்தார்கள். விலக்கப்பட்டது மகிழ்ச்சியன்று, மனிதனை அடிமைப்படுத்துவதே விலக்கப்பட்டது.

ஒருமுறை வாங்கி, ஆடி, முடித்து, கீழே வைக்கத்தக்க விளையாட்டு ஒரு நூலைப் போன்றது. அதற்குத் தொடக்கம் உண்டு; முடிவும் உண்டு. முடிவே இல்லாமல் இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் பணம் கேட்கும் விளையாட்டு நூலன்று, சூதாடு களம். கையடக்கக் கருவி பிழைத்திருத்தல் நன்று என்று நாம் கூறுவது இவ்வேறுபாடு கருதியே.

எதிர்காலம்

கையடக்கக் கருவி அழியவில்லை என்பதற்குச் சான்றுகள் பல. சோனியின் 'வீட்டா' 2019ஆம் ஆண்டில் நின்றுபோனது உண்மையே. ஆயினும் வால்வு நிறுவனம் 2022ஆம் ஆண்டில் 'ஸ்டீம் டெக்' என்னும் கருவியை வெளியிட்டது. 2025 அக்டோபரில் மைக்ரோசாப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் பெயர் தாங்கிய கையடக்கக் கருவியை ஆசுஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. 2025 சூன் 5ஆம் நாள் வெளிவந்த 'சுவிட்ச் 2' நான்கே நாட்களில் 35 இலட்சத்துக்கு மேல் விற்றது.

எனினும் மூன்று இடர்கள் உள்ளன. முதலாவது விலை. கேம் பாய் 12,500 யென்னுக்கு வந்தது. ஜப்பானியருக்கென விலை குறைத்து அளித்த சுவிட்ச் 2 வெளியானபோது 49,980 யென். முப்பத்தாறு ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு மாறியிருக்கலாம். ஆயினும் சிறுவரின் சேமிப்புக்கு எட்டும் பொருளாக இருந்தது குடும்பமே கூடி எண்ணி வாங்கும் பொருளாகிவிட்டது. எளியோரை மறந்தால் அவர்கள் மீண்டும் செல்பேசிச் சூதுக்கே செல்வர்.

இரண்டாவது, வாங்கிய பொருள் நமதாகுமா என்பது. 2023 மார்ச்சில் 3டி.எஸ்., வீ யூ ஆகியவற்றுக்கான இணையக் கடை மூடப்பெற்றது. அதன்பின் அங்கு மட்டுமே கிடைத்த விளையாட்டுகளைப் புதிதாக வாங்க வழியில்லை. சுவிட்ச் 2 கருவிக்கு வரும் அட்டைகள் சிலவற்றில் விளையாட்டே இல்லை. பதிவிறக்கத் திறவுகோல் மட்டுமே உள்ளது. ஏடுகளைச் செல்லுக்கு இரையாக்கி இழந்த தமிழர்க்கும், அரபுத்தமிழ் நூல்களைப் படிப்பாரின்றிக் கிடக்க விட்ட நமக்கும் இவ்விழப்பின் தன்மை விளங்காமற் போகாது. ஊடகம் மறைந்தால் படைப்பும் மறையும்.

மூன்றாவது, ஆற்றல் மயக்கம். மேலும் கூர்மையான படம், மேலும் விரைவான எந்திரம் என்று பிறரோடு ஓடத் தொடங்கினால், கேம் கியர் அடைந்த கதியை எவரும் அடையலாம்.

நாம் கொள்ளத்தக்கது

நிண்டெண்டோவைப் புகழ்வது நம் நோக்கமன்று. அதன் குறைகளையும் எடுத்துரைத்தோம். ஆயினும் அதன் மீட்சியில் பாடம் உண்டு. தன் இயல்பு இன்னதென்று அறிந்து அதில் நின்றமையாலும், இடுக்கண் வந்தபோது உழைப்போரைக் கைவிடாமையாலும் அது பிழைத்தது. அவ்விரண்டையும் மறக்கும் நாளில், எத்தனை கோடி விற்றாலும் அதன் வீழ்ச்சி தொடங்கிவிடும். கையடக்க விளையாட்டின் எதிர்காலமும் அவ்வாறே. விலை எளியதாய், முடிவுடையதாய், இருவரை அருகருகே அமர்த்துவதாய் இருக்கும்வரை அது வாழும், வாழ்தல் தகும்.

மாணவச் செல்வங்களே, அடுத்த முறை ஒரு விளையாட்டைத் தொடும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். இதற்கு முடிவு உண்டா? கொடுக்கும் பணத்துக்குப் பெறுவது இன்னதென்று தெரியுமா? வேண்டும்போது கீழே வைக்க முடியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அளவோடு ஆடுங்கள். ஒன்றுக்கேனும் 'இல்லை' என்றால் விலகி நில்லுங்கள். பெரியோரே, ஆடும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் அவன் ஆடுவது யாது என்று அருகமர்ந்து ஒருமுறை கேளுங்கள். அறிந்து சொல்லும் சொல்லே நெஞ்சில் நிற்கும்.